சிறுவயதில் ஒரு வழக்கு, இப்போது போலீஸ் வேலை: விண்ணப்பத்தில் செய்யக்கூடாத தவறுகள்

படிவத்தை முக்கால்வாசி நிரப்பியாயிற்று. பெயர், பிறந்த தேதி, படிப்பு, உயரம் எல்லாம் மளமளவென்று ஓடிவிட்டன. அடுத்த பக்கத்தில் ஒரு கேள்வி: ‘நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? உங்கள் மீது வழக்குப் பதிவானதுண்டா? தண்டனை பெற்றதுண்டா?’ பேனா அங்கேயே நின்றுவிடுகிறது. பதினைந்து வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து யாருடைய பைக்கையோ எடுத்து ஓட்டியது, அல்லது பள்ளிக்கூட வாசலில் நடந்த ஓர் அடிதடி, கண்முன் வந்து நிற்கிறது. வீட்டில் கேட்டால், ‘அதெல்லாம் எப்பவோ முடிஞ்சது, இல்லைன்னு போடு’ என்கிறார்கள். நண்பனைக் கேட்டால், ‘கேஸ் இருந்தா போலீஸ்ல எடுக்க மாட்டாங்க, விட்டுடு’ என்கிறான்.

இரண்டு பேச்சையும் கேட்காதீர்கள். பல நாடுகளில் சிறுவயதில் செய்த ஒரு சின்னத் தப்புக்காக மட்டும் யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நிராகரிப்பதில்லை. கொலை, பாலியல் வன்முறை போன்ற கடுமையான குற்றங்கள் வேறு கதை. மற்றபடி வேலையைக் காவு வாங்குவது பெரும்பாலும் அந்தப் பழைய வழக்கு கிடையாது. அதைப் பற்றி இப்போது எழுதும் பதில்தான்.

‘இது யாருக்குத் தெரியப்போகிறது’ என்ற நினைப்பு

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேறு எந்த வேலைக்குப் போனாலும், உங்களைப் பற்றி விசாரிக்கிறவர் இன்னொரு அலுவலகத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும். போலீஸ் வேலையில் அப்படி இல்லை. பதிவேட்டை எழுதியவர்களும் அவர்கள்தான், அதைத் திறந்து பார்ப்பவர்களும் அவர்கள்தான். இங்கிலாந்தில் தேசிய போலீஸ் கணினியில் ஏறிய ஒரு பதிவு, அந்த நபருக்கு நூறு வயது ஆகும்வரை அதில் இருக்கும். பழைய தண்டனைகளைச் சொல்லாமல் இருக்கும் உரிமையை அந்நாட்டின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரண வேலைகளுக்குத் தருகிறது. காவலர் பணிக்கு அந்தச் சலுகை கிடையாது. காலாவதியானதையும் எழுத வேண்டும், சிறுவயதில் வாங்கிய எச்சரிக்கையையும் எழுத வேண்டும்.

அங்கே பலர் விழுகிற குழி ஒன்று உண்டு. 2020 நவம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, சிறுவயது எச்சரிக்கைகள், வேலைக்குச் சேர்கிறவரின் குற்றப் பின்னணியைக் காட்டும் ‘டிபிஎஸ்’ சான்றிதழில் தானாக வருவதில்லை. ஒருவர் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ வேலைக்குச் சேர்ந்தபோது சான்றிதழ் சுத்தமாக வந்திருக்கும். ‘சர்டிபிகேட்டிலேயே ஒன்றும் இல்லையே’ என்று நம்பி, போலீஸ் படிவத்திலும் ‘இல்லை’ என்று போட்டுவிடுவார். போலீஸ் பார்ப்பது அந்தச் சான்றிதழை அல்ல, தன் கணினியை. அவர் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார், ஆனால் கோப்பில் அது பொய்யாகத்தான் பதிவாகும்.

அமெரிக்காவில் இன்னொரு கட்டம் சேர்ந்துகொள்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தனியார் முதலாளிகள் பெரும்பாலானோர் உண்மை கண்டறியும் கருவியைப் பயன்படுத்தத் தடை போட்டது. அரசு அமைப்புகளுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் பல நகரக் காவல்துறைகள் ஆளெடுப்பில் இன்றும் அந்தக் கருவியின் முன் உட்கார வைக்கின்றன. அந்தக் கருவி எவ்வளவு நம்பகமானது என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏற்கெனவே ஒன்றை மறைத்துவிட்டு அதன் முன் போய் உட்காருவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

பொய்யை இவர்கள் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? காவலரின் வேலையில் பாதி, சாட்சி சொல்வது. கூண்டில் ஏறி ‘நான் பார்த்தேன், நான் கைப்பற்றினேன்’ என்று சொல்லும்போது நீதிபதி அதை நம்ப வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் ஒரு தீர்ப்பு சொன்னது: குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான தகவலை அரசுத் தரப்பு மறைக்கக்கூடாது. 1972இல் வந்த இன்னொரு தீர்ப்பு, சாட்சியின் நம்பகத்தன்மையைக் குறைக்கும் தகவலும் அதில் சேரும் என்றது. அதாவது, ஒரு காவலர் பொய் சொன்னதற்கு ஆதாரம் இருந்தால், அவர் சாட்சியாக வரும் வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் கைக்கு அது போகும். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு எந்தக் காவல்துறை வழக்கு நடத்த முடியும்? பைக் எடுத்த பதினைந்து வயதுப் பையனை அவர்கள் மன்னிக்கக்கூடும். இருபத்திரண்டு வயதில் படிவத்தில் பொய் எழுதியவனை மன்னிப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016 ஜூலையில் இதைப் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. படிவத்தில் கேட்ட தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைப்பு இருக்கக்கூடாது என்பது அதன் முதல் வரி மாதிரி. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான விஷயமாக இருந்தால், மறைத்திருந்தாலும் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ‘பொறுத்துக்கொள்ளலாம்’ என்பதைக் கவனியுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறு: இல்லாத களங்கத்தைச் சுமப்பது

பயந்துபோய் விண்ணப்பமே போடாமல் விடுகிறவர்களும் நிறைய பேர். மறைப்பவர்களைவிட இவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிக வருத்தம். இவர்களில் பலருக்குச் சட்டப்படி ஒரு தடையும் இருக்காது.

சிறார்களின் பதிவு ரகசியமாக இருக்க வேண்டும், வெளியாட்களுக்குத் திறக்கக்கூடாது என்பது 1985இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பெய்ஜிங் விதிகளிலேயே இருக்கிறது. அதன் நிழல் பல நாட்டுச் சட்டங்களில் விழுந்திருக்கிறது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் 24ஆம் பிரிவு, சிறாராக இருந்தபோது அந்தச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்டவருக்கு, தண்டனையோடு ஒட்டிவரும் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது என்கிறது. 74ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. முடிந்துபோன சிறார் வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ போலீஸ் வெளியிடக்கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு: பதினாறு வயது நிரம்பியவர் கொடுங்குற்ற வழக்கில் சிறுவர் நீதிமன்றத்தில் பெரியவரைப் போலவே விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று முடிவானால் 24ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடைக்காது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் ஓர் இளைஞருக்கு மறுக்கப்பட்ட வேலை தொடர்பாக 2019இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அவர் மீதிருந்த பழைய வழக்கின் சம்பவம் நடந்தபோது அவர் மைனர். சிறாராக இருந்தபோது தண்டனையே ஆகியிருந்தாலும் அந்தக் கறை பின்னால் தொடரக்கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம் என்று சொல்லி, நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

கனடாவில் கணக்கு இன்னும் துல்லியம். 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இளையோர் குற்றவியல் நீதிச் சட்டப்படி, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்த நடவடிக்கை என்றால் இரண்டு ஆண்டு. நிபந்தனை இல்லாத விடுவிப்பு என்றால் ஓர் ஆண்டு, நிபந்தனையோடு என்றால் மூன்று. சிறிய குற்றத்துக்கான தண்டனை முடிந்து மூன்று ஆண்டு, பெரிய குற்றத்துக்கு ஐந்து ஆண்டு. அந்தக் கெடு முடிந்தால் பதிவு மூடப்படும். மிகக் கடுமையான குற்றங்களும், பெரியவருக்குரிய தண்டனை விதிக்கப்பட்டவையும் இதில் சேராது. கெடு முடிந்த பிறகும் ‘எனக்கு கிரிமினல் ரெக்கார்டு இருக்கிறது’ என்று தானே சொல்லிக்கொண்டு ஒதுங்கி நிற்பவரை என்ன சொல்வது!

சரி, அப்படியானால் மூடப்பட்ட வழக்குக்கு ‘இல்லை’ என்று போட்டுவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். மூடப்பட்டது என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும், அமெரிக்காவில் எல்லா மாநிலத்திலும், ஒரே பொருள் கிடையாது. சில இடங்களில் அது நடக்கவே இல்லை என்று பதில் சொல்லச் சட்டமே அனுமதிக்கிறது. சில இடங்களில் காவல்துறை வேலைக்கு மட்டும் அந்த அனுமதி இல்லை. படிவத்தை எடுத்து, கேள்வியை ஒரு சொல் விடாமல் படியுங்கள். ‘தண்டனை பெற்றீர்களா’ என்பது ஒரு கேள்வி. ‘கைதானீர்களா’ என்பது வேறு. ‘வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்பது மூன்றாவது. ‘சிறார் வழக்கு, மூடப்பட்ட வழக்கு உட்பட’ என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவர் மறைத்தார் என்று சொல்ல முடியாது என்று அந்த 2016 தீர்ப்பே கூறியிருக்கிறது. ஆனால் நேராகக் கேட்டிருந்தால், என் கருத்தில், இந்தியச் சூழலில் பாதுகாப்பான வழி ‘ஆம்’ என்று எழுதி, கூடவே ‘சிறாராக இருந்தபோது பதிவான வழக்கு, இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் முடிந்தது, 24ஆம் பிரிவின்படி தகுதியிழப்பு இல்லை’ என்று ஒரு வரி சேர்ப்பதுதான். இதில் குழப்பம் இருந்தால் ஒரு வக்கீலுக்கு அரைமணி நேரக் கட்டணம் கொடுப்பது வீண்செலவு ஆகாது. ஆளெடுக்கும் அமைப்புக்கே எழுத்தில் கேள்வி அனுப்பி, வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் நல்லது.

ஞாபகத்தை நம்பி எழுதுவது

‘அடிதடி கேஸ்தான். அப்பவே ராஜி ஆயிடுச்சு.’ எப்போது என்று கேட்டால் ‘ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும்போது’. என்ன பிரிவு? தெரியாது. வழக்கு எண்? தெரியாது. எழுத்தில் உத்தரவு ஏதாவது வந்ததா? அப்பாவிடம் இருந்திருக்கும், அவருக்கும் ஞாபகம் இல்லை.

இந்த நிலையில் படிவம் நிரப்ப உட்காராதீர்கள். வழக்கு எப்படி முடிந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எச்சரித்து அனுப்பியது, புகார் வாபஸ் ஆனது, ராஜியானது, சாட்சிகள் மாறிப் பேசி விடுதலையானது, குற்றமே நிரூபணமாகவில்லை என்று முழுதாக விடுதலையானது, கண்காணிப்பில் வைத்தது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. உதாரணத்துக்கு, தமிழ்நாட்டின் காவல் சார்நிலைப் பணி விதிகளில் ஒரு விளக்கம் உண்டு: சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியாகி விடுதலையானாலும், அவர் குற்றவழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் இதை உறுதி செய்தது. ‘விடுதலை ஆயிட்டேன், அப்புறம் என்ன?’ என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர் இந்த வரியில் இடறியிருக்கிறார்கள். அது பதினெட்டு வயதுக்கு முந்தைய சம்பவமா என்பதை நிரூபிப்பது அதனால்தான் இவ்வளவு முக்கியமாகிறது. சிறாராக நடத்தப்பட்டவருக்கு 24ஆம் பிரிவு துணைக்கு வரும். தீர்ப்பு வந்த நாளின் வயதைப் பார்க்க மாட்டார்கள், சம்பவம் நடந்த நாளின் வயதுதான் கணக்கு. அப்போது மைனராக இருந்தும் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் வழக்கு ஓடியிருந்தால், வழக்கு முடிந்த பிறகும்கூட அந்த வாதத்தை எழுப்ப அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஆகவே முதல் வேலை, காகிதம் சேர்ப்பது. முதல் தகவல் அறிக்கை, இறுதி உத்தரவின் சான்றிட்ட நகல், வயதைக் காட்டும் பள்ளிச் சான்று. இதில் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. சிறார் பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கச் சட்டமே சொல்கிறது. நல்லதுதான். ஆனால் வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்ததைக் காட்டும் உத்தரவும் அதோடு போய்விடலாம். ஏதோ ஒரு மூலையில் பழைய பதிவேட்டில் உங்கள் பெயர் மட்டும் மிஞ்சியிருந்து, அது எப்படி முடிந்தது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் போனால் ரொம்பக் கஷ்டம். நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதை

போலீஸ் ஆளெடுப்பில் ஒரே விஷயத்தை நாலு இடத்தில் கேட்பார்கள்: இணைய விண்ணப்பத்தில், தேர்வுக்குப் பின் தரும் சரிபார்ப்புப் படிவத்தில், நேர்காணலில், அப்புறம் வீடு தேடி வரும் விசாரணையில். முதல் படிவத்தில் ‘இல்லை’, இரண்டாவதில் ‘ஆம்’ என்றால், உண்மை சொன்ன பலனும் போய்விடும்.

டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்கு 1999இல் விண்ணப்பித்த ஓர் இளைஞருக்கு அதுதான் நடந்தது. அடிதடி வழக்கு ராஜியாகி முடிந்திருந்தது. விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை, பின்னால் வந்த சரிபார்ப்புப் படிவத்தில் சொன்னார். வேலை மறுக்கப்பட்டது. இளம் வயதில் தவறு செய்வது இயல்பு, வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தக்கூடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது 2011இல். ஜெயித்தார்தான். ஆனால் இளமையில் பன்னிரண்டு வருடம் என்பது எவ்வளவு பெரிய துண்டு!

எதையும் அனுப்புவதற்கு முன் படிவத்தின் நகலை எடுத்து வையுங்கள். அடுத்த படிவம் வரும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். முதலில் தவறாகப் போட்டுவிட்டீர்களா? அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே எழுத்தில் திருத்தம் கொடுங்கள்.

விளக்கம் எழுதும் விதம்

‘ஆம்’ என்று போட்டபின் விவரம் எழுத நாலைந்து வரி இடம் விடுவார்கள். அங்கே பெரும்பாலானவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்:

‘அறியாத வயதில் நண்பர்களின் தூண்டுதலால் ஒரு சிறு சம்பவத்தில் சிக்கவைக்கப்பட்டேன். அது பொய் வழக்கு. அதன்பின் திருந்தி நல்ல குடிமகனாக வாழ்ந்து வருகிறேன்.’

பொய் வழக்கு என்றால் எதிலிருந்து திருந்தினார்? சிறு சம்பவம் என்றால் எது? படிக்கிற அதிகாரிக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை, சந்தேகம் மட்டும் கிடைத்தது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘எனக்கு 15 வயதில், நானும் இரண்டு பையன்களும் பூட்டாமல் நின்ற ஒருவருடைய பைக்கை எடுத்து ஓட்டினோம். மறுநாள் காலை பிடிபட்டோம். வண்டியைக் கிளப்பியது நான். இளைஞர் நீதிக் குழுமம் எச்சரித்து, ஆறு மாதம் கண்காணிப்பில் வைத்தது. வண்டிக்கு ஆன சேதத்துக்கு என் அப்பா பணம் கொடுத்தார். இரண்டு விடுமுறைகளில் வேலை பார்த்து அதை அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப்பின் என் மீது வழக்கு எதுவும் இல்லை. உத்தரவின் நகல் இணைத்துள்ளேன்.’

‘வண்டியைக் கிளப்பியது நான்’ என்ற அந்த ஒரு வரி போதும். எழுதியவர் எதையும் ஒளிக்கவில்லை என்று தெரிந்துவிடும். மனம் திருந்தினேன் என்று எங்கேயும் சொல்லவில்லை, ஆனால் விடுமுறையில் வேலை பார்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது அதைச் சொல்லிவிடுகிறது. நேர்காணலில் ‘அந்த வண்டிக்காரர் இன்றைக்கு உங்களிடம் புகார் கொடுக்க வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கலாம். அழவோ சிரித்து மழுப்பவோ வேண்டாம். வண்டியைத் தொலைத்த மனிதரின் அந்த ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பார்த்து, மனதில் பட்டதைச் சொல்லுங்கள். அதற்கு முன்னாலேயே யோசித்து வைத்திருப்பது தப்பில்லை.

இடைப்பட்ட காலத்தைக் கெடுத்துக்கொள்வது

பழைய வழக்கு உள்ளவர்களுக்குக் காலம்தான் பெரிய துணை. பதினான்கில் நடந்தது இருபத்திநான்கில் ஒரு பழைய கதை. பதினேழில் நடந்ததைப் பதினெட்டரையில் கொண்டுபோனால் அது நேற்றைய செய்தி. அவசரப்பட்டு முதல் அறிவிப்புக்கே ஓடாமல், வயது வரம்பு இடம் தந்தால் ஓரிரு ஆண்டு பொறுப்பது பல சமயம் புத்திசாலித்தனம். கனடாவில் அந்தக் காலக்கெடுவுக்குள், பெரியவரான பிறகு இன்னொரு குற்றத்தில் தண்டனை ஆனால், மூடப்பட வேண்டிய சிறார் பதிவு பெரியவர் பதிவோடு சேர்ந்துவிடும். மற்ற இடங்களிலும் அதிகாரிகள் பார்ப்பது இதையேதான்: அதன்பின் என்ன செய்தான்? குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கட்டாமல் விட்ட அபராதங்கள், சமூக வலைத்தளத்தில் கத்தியைப் பிடித்துக்கொண்டு போட்ட பிறந்தநாள் படம், எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாகப் போய் உட்காரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ரெக்கார்டை க்ளியர் பண்ணித் தர்றேன்’ என்று பணம் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், பக்கத்து வீட்டு உறவாக இருந்தாலும், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சிறார் வழக்கு சட்டப்படி மன்னிக்கப்படும். போலிச் சான்றிதழ் புது வழக்கு, அதுவும் மேஜரான பிறகு.

மறுத்துவிட்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் மறுப்பு வரலாம். உண்மையைச் சொன்னவரையும் முன்நடத்தையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு என்றுதான் அந்த 2016 தீர்ப்பும் கூறுகிறது. ஆனால் அந்த முடிவை மனம்போன போக்கில் எடுக்கக்கூடாது. குற்றத்தின் தன்மை, வயது, முடிந்த விதம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மறுப்பைக் காதால் கேட்டுவிட்டுத் திரும்பி வருவது கடைசித் தவறு. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து, உறையையும் தூக்கிப் போடாமல் வையுங்கள், மேல்முறையீட்டுக்கான நாட்களை அதிலிருந்துதான் எண்ணுவார்கள். காரணத்தில் ‘குற்றவழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்று மட்டும் ஒற்றை வரி இருந்து, நீங்கள் அப்போது மைனர் என்பதை யாரும் கணக்கில் எடுத்த அடையாளமே இல்லையென்றால், அந்தக் கடிதத்தையும் பள்ளிச் சான்றையும் உத்தரவு நகலையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு, அந்த வாரமே ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.